முகச் சித்திரம் வரைதல்

பென்சில், பேனா, கரித்துண்டு போன்ற எளிய கருவிகளால் ஒருவரின் முகத்தை, அவருடைய மனநிலையும் தெரியும்படி கையால் வரையும் கலை. தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்தால் இதைப் பயில்வோர் தமிழகமெங்கும் உண்டு. மண்டபத்திலிருந்து பாம்பன் வழியாக இராமேசுவரம் வரை உள்ள கரையில் இக்கலையை ஆராய ஒரு முகமே போதும். அது 1931 அக்டோபர் 15 அன்று இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் முகம். 2015 ஜூலை 30 அன்று அவர் பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். 2017 ஜூலை 27 முதல் அங்கே நிற்கும் நினைவகத்தில் அவருடைய ஒளிப்படங்களோடு ஓவியங்களும் இடம்பெற்றுள்ளன. பள்ளி மாணவர்களும் விரும்பி வரையும் முகம் அது. பயிற்சியே இல்லாத கை வரைந்தாலும் அது கலாம் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அவருடைய பார்வையும் சிரிப்பும் வெகுசில படங்களில்தான் கூடிவருகின்றன. ஆளை அடையாளம் காட்டும் கோடுகள் வேறு, அவர் உள்ளத்தைக் காட்டும் கோடுகள் வேறு என்பதே இதற்குக் காரணம். பழகுவோர் கருவியைத் தேர்வதும் பயிற்சியை அமைத்துக்கொள்வதும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

கலாமின் படத்தில் அடையாளத்தைச் சுமப்பது தலைமுடி. நடுவகிடு எடுத்து இருபுறமும் காதுவரை வழியும் அந்த வெள்ளிமுடியை வரைந்துவிட்டால், மூக்கு சற்றுப் பிசகினாலும் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். முகங்களை மூளை அறியும் விதம் பற்றிய ஆய்வுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. புகழ்பெற்றவர்களின் படங்களில் கண்களை நீக்கியபோது ஏற்பட்ட தடுமாற்றத்தைவிட, புருவங்களை நீக்கியபோது ஏற்பட்ட தடுமாற்றம் அதிகம் என்று பவன் சின்ஹாவின் குழு 2003இல் காட்டியது. அளவு பிசகாத கோட்டுப்படத்தைவிட, தனித்தன்மையை மிகைப்படுத்திய கேலிச்சித்திரத்தை மக்கள் விரைவாக அடையாளம் கண்டனர் என்பது 1987இல் கில்லியன் ரோட்சும் அவருடைய சகாக்களும் கண்ட முடிவு. ஆக, சாயலைப் பிடிக்க முகம் முழுவதையும் அளந்து தீர்க்க வேண்டியதில்லை. சில இடங்களைச் சரியாகத் தொட்டால் போதும். உணர்ச்சி இருப்பதோ இன்னும் சிறிய இடங்களில். வாயின் ஓரங்களோடு கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கினால்தான் சிரிப்பு உள்ளிருந்து வந்ததாகத் தோன்றும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதினார். பல கலாம் படங்களில் உதடு சிரிக்கிறது, கீழிமை அசையாமல் கிடக்கிறது. முகம் உயிரில்லாமல் போவது அந்த இடத்தில்தான்.

இக்கரையை அடுத்த பகுதிக்கு உருவம் வரைதல் புதிதன்று. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டப்பட்ட சுவரோவியங்களில் சேதுபதி மன்னரும், அவரைக் காண வந்த ஐரோப்பியரும், போர்க்காட்சிகளும், இராமாயணக் கதையும் உள்ளன. அங்கே மன்னரை மன்னராகக் காட்டுபவை அணிகலனும் தலைப்பாகையும் அமர்ந்திருக்கும் இடமும்தான். முகத்தின் தனி உணர்ச்சி அந்த ஓவியர்களின் நோக்கமாக இருக்கவில்லை. அதைக் குறையாகக் கருதுவது தவறு. அரசவைக்குத் தேவைப்பட்டது வேறு. தனிமனித முகத்தின் உள்ளோட்டத்தைக் கோட்டில் தேடிய தமிழர்களில் முதன்மையாகச் சொல்ல வேண்டியவர் திருச்சி மாவட்டம் கீரம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் (1938–2008). 1969இல் வந்த காந்தி நூற்றாண்டையொட்டி அவர் கறுப்பு மையில் காந்தியை ஒரு வரிசையாக வரைந்தார். அப்படங்களில் கோடு சில இடங்களில் மெலிந்து அறுகிறது, சில இடங்களில் அடர்ந்து குவிகிறது. கண்ணாடியும் மொட்டைத்தலையும் காந்தியை அடையாளம் காட்டும் வேலையை முடித்துவிடுவதால், முதுமையையும் களைப்பையும் உறுதியையும் சொல்லப் பேனாவுக்கு இடம் கிடைக்கிறது. கலாமை வரைய விரும்புவோர் ஆதிமூலத்தின் காந்தியிடம் கற்க வேண்டியது இந்தப் பங்கீட்டைத்தான்.

கருவிகளில் பென்சிலே பெரும்பாலோரின் முதல் தேர்வு. களிமண்ணைக் கிராஃபைட்டோடு கலந்து சுடும் முறையைக் கோந்தே 1795இல் கண்டறிந்ததால்தான் கடினம், மென்மை என்ற தரவரிசை வந்தது. எச்.பி. பென்சிலால் அமைப்பை இட்டு, 4பி, 6பி பென்சில்களால் புருவம், கண்மணி, மூக்கின் அடி, உதடுகள் சேரும் கோடு ஆகியவற்றை அடர்த்தியாக்குவது நல்ல வழக்கம். நடராஜ், அப்சரா போன்ற கடைப் பென்சில்களே இதற்குப் போதும். கரித்துண்டு விரைவானது, ஆழமான கருமை தருவது. ஆனால் மேலே பிடிமானத் திரவம் தெளிக்காவிட்டால் கைபட்டாலே கலைந்துவிடும். மைப்பேனா அழிக்க விடாது. மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். எஃகு நிப்பைத் துடைத்து வைக்காவிட்டால் துருவேறும். ஈரம் ஏறிய தாளில் மை கசியும், கடினப் பென்சிலை அழுத்தினால் பள்ளம் விழும். தடித்த கார்ட்ரிஜ் தாளை உறையிட்டு உலர்ந்த இடத்தில் வைப்பதும், வரையும்போது கைக்கடியில் வேறொரு தாள் போட்டுக்கொள்வதும் விலையுயர்ந்த பென்சில் பெட்டியைவிட அதிகப் பயன் தரும்.

சில இடங்களைச் சரியாகத் தொட்டால் போதும் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நுணுக்கமான முடிப்பிலும் உணர்ச்சி பொங்கும் என்பதற்குக் கும்பகோணப் பகுதியிலிருந்து வந்த எஸ். இளையராஜா (1979–2021) சான்று. அவருடைய எண்ணெய்வண்ண ஓவியங்களில் தமிழ்ப் பெண்களின் முகங்கள் ஒளிப்படம் போலத் துல்லியமானவை, ஆயினும் உயிருள்ளவை. ஆனால் அவற்றில் நம்மை நிறுத்துவது துல்லியம் மட்டுமல்ல. எந்த ஒளியில் எந்தக் கணத்து முகம் என்று முன்கூட்டியே செய்த தேர்வுதான் முதல் காரணம். ஒளிப்படத்தின் மேல் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டமாகப் படியெடுப்பவர் அந்தத் தேர்வைக் கேமராவிடம் விட்டுவிடுகிறார். கட்டமுறையைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. பேனர் ஓவியர்கள் பெரிய முகங்களைச் சுவரளவுக்கு ஏற்றியது அம்முறையால்தான். சாயலுக்கு அது உதவும், அதற்கு மேல் உதவாது. மறைந்த ஒருவரை ஒளிப்படம் பார்த்துத்தானே வரைய முடியும் என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்கு வழி, ஒரே படத்தோடு நிற்காமல் பல வயதுகளில், பல மனநிலைகளில் எடுத்த படங்களை அருகருகே வைத்து, மாறாதது எது, மாறுவது எது என்று பார்ப்பது. கலாமின் அத்தகைய படங்களுக்குப் பஞ்சமில்லை. மாறாததை முதலில் பென்சிலில் மெலிதாக இட்டு, மாறுவதை மட்டும் மையில் ஒரே மூச்சில் இழுக்கலாம். தொடக்கநிலையில் உள்ளவருக்கு மை கடினம் என்பார்கள். பெரிய தாளை வீணாக்கினால்தான் அப்படி. உள்ளங்கை அளவுத் தாளில் கண்ணும் வாயும் மட்டும் பலமுறை வரைவோருக்கு, அழிக்க முடியாமையே கூர்ந்து பார்க்கும் பழக்கத்தைத் தந்துவிடுகிறது.