பெயர் கேட்காத மட்டையிலிருந்து பாஸ்போட் இலக்கம் வரை

சீனாவுக்குப் படிக்கப் போன எங்கட நண்பர் ஒருவர் முதல் தடவை அதிவேக ரயிலுக்கு ரிக்கெற் எடுத்துவிட்டு எங்களுக்கு எழுதினார்: "கோட்டை ஸ்ரேசனில காசை நீட்டினா மூன்றாம் வகுப்பு ரிக்கெற் கையில வந்திடும். இங்க ஏன் மச்சான் பாஸ்போட் கேக்கிறாங்கள்?"

சின்னக் கேள்விதான். ஆனால் அதன் பின்னால் போனால் ஏறத்தாழ இருநூறு வருடக் கதை ஒன்று கிடைக்கிறது.

இங்கிலாந்தில் ரயில் வந்த ஆரம்ப நாட்களில் ரிக்கெற்றைக் கையால்தான் எழுதிக் கொடுத்தார்கள். குதிரை வண்டிக் காலத்துப் பழக்கத்தில் சில இடங்களில் பயணியின் பெயரையும் எழுதினார்கள். கூட்டம் கூடக் கூட இது சரிவரவில்லை. 1830களின் பிற்பகுதியில், தோமஸ் எட்மன்சன் என்ற நிலைய அதிபர் தொடர் இலக்கம் அச்சிட்ட சின்ன மட்டைத் துண்டுகளைக் கொண்டுவந்தார். கருவியில் செருகினால் திகதி பதியும், அவ்வளவுதான். இலக்கத்தைப் பார்த்தால் எத்தனை விற்றது, எவ்வளவு காசு வந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வாங்கியவர் யார் என்பது தேவையே இல்லாமல் போனது. அந்த மட்டை உலகம் முழுக்கப் பரவியது. எங்கள் புகையிரத நிலையங்களிலும் அண்மைக்காலம் வரை அதுதான் இருந்தது.

பிறகு வேகம் வந்தது. ஜப்பானில் 1964 ஒக்ரோபர் 1ஆம் திகதி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. மணிக்கு 210 கிலோமீற்றர் வேகம். அதற்கு முதலே அவர்களுக்கு ஆசனப் பதிவு பெரிய தலையிடி. சுழலும் வட்ட மேசையில் பதிவேடுகளை அடுக்கி, எழுதுவினைஞர்கள் சுற்றி நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். 1960இல் 'மார்ஸ்' என்ற கணினி முறை அந்த வேலையைக் கையிலெடுத்தது. இங்கே ரிக்கெற்றில் ஆசன இலக்கம் வந்தது, ஆனால் விலை தூரத்தை ஒட்டியே நின்றது. சாதாரண விலையில் எடுத்தால், ஷின்கான்சென்னில் இன்றும் பருவத்துக்கு ஏற்ப சில நூறு யென்தான் கூடிக் குறையும். கடைசி நேரத்தில் ஓடிவந்தவருக்குத் தண்டனை இல்லை.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. அங்கே 1981இல் பாரிஸ்–லியோன் பாதையில் டிஜிவி ஓடியது. 1993இல் 'சோக்ரட்' என்ற புதிய பதிவு முறை வந்தது. அது அமெரிக்கன் எயார்லைன்ஸின் 'சேபர்' முறையிலிருந்து உருவானது. விமானக் கம்பனிகளின் கணக்கு எளிமையானது: புறப்பட்ட பிறகு வெறும் ஆசனத்துக்குப் பெறுமதி இல்லை. ஆகவே ஆள் குறைந்த நேரத்தில் விலையைக் குறை, நெரிசலில் கூட்டு. அதுவரை கிலோமீற்றர் கணக்கில் பழகியிருந்த மக்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. தொடக்கத்தில் முறை சரியாக வேலை செய்யாததால் நீண்ட வரிசைகள், பிழையான விலைகள், பயணிகளின் கோபம் எல்லாம் வந்தன. முறை பிறகு சீரானது. ஆனால் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் வேறு வேறு விலை கொடுத்திருப்பது வழமையாகிவிட்டது.

சீனாவில் பிரச்சினை இன்னொன்று. சந்திரப் புத்தாண்டுக்கு நகரங்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஊருக்குப் போவார்கள். ரிக்கெற்றுகளை மொத்தமாக வாங்கிக் கள்ளவிலைக்கு விற்பவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். அதைத் தடுக்க 2011 யூனில் அதிவேக ரயில்களுக்கும், 2012 தொடக்கத்தில் எல்லா ரயில்களுக்கும் பெயரும் அடையாள இலக்கமும் கட்டாயமாகின. வெளிநாட்டவருக்குப் பாஸ்போட். அதே 2012 புத்தாண்டுக்கு இணையத்தில் விற்றபோது தளம் திணறியது. இன்ரநெற் பழக்கமில்லாத தொழிலாளர்கள், வரிசையில் நின்றால்கூட எங்களுக்குக் கிடைக்குதில்லை எண்டு குமுறினார்கள். இப்போது அங்கே காகித ரிக்கெற்றே தேவையில்லை. அடையாள ஆவணம்தான் ரிக்கெற்.

ஆக, எட்மன்சன் அழித்த பெயர் திரும்பி வந்துவிட்டது. கள்ளச் சந்தையை அடக்க அது உதவியது, மறுக்கேலாது. ஆனால் வன்னியிலிருந்து வெளிக்கிட ஒரு பாஸ், வவுனியா தாண்ட இன்னொரு பாஸ் என்று எங்கட பெற்றோர் இரண்டு தரப்பிடமும் நின்ற காலத்தைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, பயணமும் பெயரும் ஒன்றாகப் பதியப்படுவது வெறும் வசதியாக மட்டும் தெரியவில்லை. பட்டியல் யாரிடம் இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

நண்பருக்கு நாங்கள் எழுதிய பதில் இதுதான்: ஜப்பானுக்குப் போனால் அவசரப்படாதே. பிரான்ஸ் என்றால் முந்தியே எடு. சீனாவில் பாஸ்போட்டில் உள்ளபடியே பெயரை எழுத்துப் பிசகாமல் போடு. ஊருக்கு வரும்போது, யாரிடமாவது பழைய மட்டை ரிக்கெற் இருந்தால் வாங்கி வைத்துக்கொள். அதில் உன்ர பெயர் இருக்காது.