நீரிழிவு மருத்துவமும் நான்காங் கூறும்

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை உதவுபவன் என்பன அவை. முன்னைய மூன்றையும் உலகம் நன்கு போற்றும். நான்காவதைப் பெரும்பாலும் மறந்துவிடும். கருவிகள் எத்துணைச் சிறந்தனவாயினும் இந்நான்காங் கூறின்றிப் பயன் தாரா என்பதை நீரிழிவு மருத்துவத்தின் வரலாறு காட்டுகின்றது. அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

நீரிழிவு தொன்மையான நோய். வடநூலார் இதனை மதுமேகம் என்றனர். கி. பி. 2 ஆம் நூற்றாண்டினரான அரிதேயுசு என்னும் கிரேக்க மருத்துவர் இதனை விரிவாக விளக்கினார். இந்நோய்க்குரிய கிரேக்கப் பெயர் ஊடே பாய்ந்து செல்லுதல் என்னும் பொருளது. தமிழில் இழிதல் என்பதும் கீழ்நோக்கிப் பாய்தலேயாம். இருமொழியாரும் ஒரே குறியைக் கண்டு பெயரிட்டமை நோக்கற்பாலது.

குறியறிந்தும் மருந்தறியாக் காலம் நெடிது. இளமையில் இந்நோய் கண்டோர் விரைவில் மாண்டனர். 1921 இல் ரொறன்ரோ நகரிற் பாண்டிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைக் கண்டனர். 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் அதனை முதன்முதல் ஏற்று உயிர் பிழைத்தான். எனினும் இன்சுலின் நோயை அறவே நீக்குவதன்று, நாடோறும் ஏற்றற்குரியது. ஆகவே, மருத்துவன் கைத்தொழில் நோயாளி கைக்கு மாறியது. ஊசியேற்றலும், சிறுநீரை நீலக் கரைசலுடன் காய்ச்சி நிறமாற்றம் பார்த்தலும் இல்லத்துக் கடமைகளாயின.

இம்மாற்றத்தை உணர்ந்தோர் சிலர். பொஸ்ரனில் எலியட் யோசிலின் தாதியரை நோயாளர் இல்லங்களுக்கனுப்பிப் பயிற்றுவித்தார். இலண்டனில், தாமே இன்சுலினால் உயிர் பெற்ற மருத்துவர் லோறன்சு, எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் கூடி 1934 இல் நீரிழிவாளர் சங்கம் நிறுவினார். 1948 இற் சென்னை இசுரான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார்.

பின்னர்க் கருவிகள் பெருகின. 1960களின் தொடக்கத்தில் ஆணல்டு கடிசு அமைத்த இன்சுலின் பம்பு முதுகிற் சுமக்கும் மூட்டையளவினது. 1978 இல் இலண்டன் ஆய்வாளர் சிறிய பம்பின்வழி, தோலின்கீழ் இடைவிடாது இன்சுலின் செலுத்தும் முறையை வெளியிட்டனர். 1999 இல் ஐக்கிய அமெரிக்கா தொடர் குளுக்கோசு அளவிக்கு இசைவளித்தது. ஆயினும், அணிந்தோர் பலர் அவற்றைக் கழற்றி வைத்தனர். ஒட்டுப்பட்டை தோலை அரிக்கும். எச்சரிக்கை ஒலி உறக்கத்தைக் கெடுக்கும். பிறர் பார்வை நாணுவிக்கும். பம்பின் குழாய் அடைபடின் சில மணி நேரத்தில் உயிர்க்கும் இடராகும்.

இங்கே இரண்டு ஆய்வுகள் கருதத்தக்கன. 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் நிகழ்ந்த வட அமெரிக்க ஆய்வில், பம்பாலோ பல ஊசிகளாலோ குளுக்கோசை நன்கு கட்டுப்படுத்தினோருள், முன்னர்க் கண்ணோய் இல்லாதார்க்கு அது தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. மருத்துவக் குழுவினர் மாதந்தோறும் அவர்களைக் கண்டனர். இடையிடையே தொலைபேசியிலும் வினாவினர். ஆய்வு முடிந்து அத்தொடர்பு தளர்ந்ததும் குளுக்கோசளவு மீண்டும் உயர்ந்தது. மருந்தும் நோயாளரும் மாறவில்லை, உடனிருந்தோரே நீங்கினர். 2008 இல் வெளிவந்த ஆய்வில், வாரத்தில் ஆறு நாளேனும் அளவியை அணிந்தோர் 25 வயதுக்கு மேற்பட்டோருள் 83 விழுக்காடு. 15 முதல் 24 வயதினருள் 30 விழுக்காடே. பெற்றோர் கண்காணிப்பிலுள்ள 8 முதல் 14 வயதுச் சிறாருள் அது 50 விழுக்காடு. பெற்றோர் கை நெகிழும் பருவமே இடர்மிக்கதென்பது இதனாற் பெறப்படும்.

புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த தோட்டங்களில் இவ்வுண்மை இன்னுங் கூரியதாகின்றது. பம்பின் விலை தொழிலாளர் வருவாய்க்கு எட்டாதது. ஊசியும் விரல்நுனிக் குருதிச் சோதனையுமே கைவரத்தக்கன. குளிர்ப்பெட்டியில்லா லயத்தில் நீர் தெளித்த மண்பானையே இன்சுலினைக் காக்கும். விடியலிற் பெரட்டுக்குச் செல்லும் தாய், பிள்ளையின் காலை ஊசியை யாரிடம் ஒப்படைப்பாள்? பாட்டியோ அயலாளோ கற்றிருத்தல் வேண்டும். வகுப்பிற் குளுக்கோசு தாழ்ந்து வியர்த்து நடுங்கும் மாணவனைச் சோம்பேறியெனக் கடியும் ஆசிரியன், அவனுக்கு வேண்டியது ஒருபிடி சீனியென்பதை அறியான். அறியாமையால் விளையும் அக்காலத்தாழ்வு உயிரையுங் கொள்ளக்கூடும்.

ஆதலின் ஆசிரியரும் மாணவரும் இந்நோயின் குறிகளையும் முதலுதவியையும் கற்றல் கடன். விலையுயர்ந்த கருவிகள் வருங்காலத்தில் நம்மிடத்தும் வரலாம். அவை வருமுன்னரே அமைதற்குரியது நான்காங் கூறு. அதற்குப் பொருட்செலவு வேண்டா, அன்பும் அறிவுமே வேண்டும்.