முள்வேலிக்குள் பாசம்

கும்மிடிப்பூண்டி முகாமில் 1990 முதல் நம்மோடு வாழும் ஈழத்துச் சகோதரர் பலருக்கு 2009-ஆம் ஆண்டு சொந்த வீட்டுத் துக்கமாகும். மே 18-இல் போர் ஓய்ந்தபின் ஏறத்தாழ 2,80,000 தமிழர் வவுனியாவை அடுத்த மெனிக் பார்ம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ச் சான்றோர் பெயர்களையே சூட்டினார்கள், என்னே விந்தை! காணவந்த உறவினர் வேலிக்கு அப்பால் நின்றே முகம் பார்த்துத் திரும்பினர்.

2012 செப்டம்பரில் மெனிக் பார்ம் மூடப்பட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. போரின் இறுதி நாளில் சரணடைந்தோரைத் தனியே விடாமல் உடன் சென்றவர், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். அவர் திரும்பவில்லை. தம் கையாலேயே மகனைப் படையினரிடம் ஒப்படைத்த தாய்மாரும் உண்டு. 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மாரில் பலர், விடை அறியாமலேயே கண்மூடினர்.