கோட்டையிலிருந்து தெருவுக்கு: சென்னையின் வரலாற்று நிகழ்ச்சிகள் கடந்துவந்த வழி

1939-இல் சென்னை தன் முந்நூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது மிஞ்சியது ஒரு தடித்த நினைவு மலர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. சி.எஸ். சீனிவாசாச்சாரியின் சென்னை வரலாற்று நூலும் அதே ஆண்டில் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களைத் துருவி எச்.டி. லவ் 1913-இல் மூன்று தொகுதிகளாகத் தந்த நூல் இவற்றுக்கு முன்னோடி. நகரவாசிக்கு இந்த ஏற்பாட்டில் இருந்த இடம் வாசகர் என்பது மட்டுமே. அதற்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நிலை மாறியதற்குக் காரணம் பல்கலைக்கழகங்கள் அல்ல, பத்திரிகையாளர்கள். இலங்கையில் இதழாளராகப் பணியாற்றித் திரும்பிய எஸ். முத்தையா 1981-இல் சென்னையைப் பற்றி நூல் எழுதினார். 1991-இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கினார். 2004-இல் அவரும் சசி நாயரும் வின்சென்ட் டி சூசாவும் சேர்ந்து ஆகஸ்ட் 22-ஐ மெட்ராஸ் தினமாக்கினார்கள். அமைப்பாளர்கள் நிகழ்ச்சிகளை நடத்தவில்லை, தூண்டிவிட்டார்கள். பள்ளியோ நூலகமோ தெருச் சங்கமோ, யார் வேண்டுமானாலும் தம் செலவில் நடைப்பயணமோ புகைப்படக் கண்காட்சியோ வைக்கலாம். ஒரு நாள் ஒரு வாரமாகி, பிறகு அதையும் தாண்டியதற்கு இந்தத் தளர்வான ஏற்பாடே காரணம் என்பது என் கணிப்பு.

நடைப்பயணம் வந்ததும் சான்றின் தன்மையே மாறியது. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தருகே நின்ற கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் கட்டிய பழைய மர்மலாங் பாலத்தின் கல் அது. எழுத்து மூன்று மொழிகளில்: பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன். அச்சில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி. பேருந்து இரைச்சலுக்கு நடுவே அந்தக் கல்லின் முன் நிற்பவருக்கு மட்டும்தான், அடையாற்றைக் கடந்த வணிகரும் பரங்கிமலைக்குப் போன யாத்ரீகரும் நடந்த தடத்தில் தாமும் நிற்பது உறைக்கும்.

நாளைப் பற்றிய தகராறும் கூடவே வளர்ந்தது. தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் கம்பெனிக்கு நிலம் தந்தது 1639-இல். ஆவணத்தில் காணும் நாள் ஜூலை 22. கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இங்கு வந்ததோ அதற்கும் பிந்தி, ஜூலை 27-இல். அதனால்தான் ஆவணத்து ஜூலையை ஆகஸ்ட் என்று கொண்டார்கள். இதைவிடக் கனமான மறுப்பு வேறு: திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு இருக்கிறது; ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி அதற்கும் பல்லாயிரம் ஆண்டு மூத்தது. அப்படியிருக்க, நகரத்தின் பிறந்தநாளை ஒரு கம்பெனிப் பத்திரத்தில் ஏன் தேட வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி பொதுமேடைக்கு வந்ததே இந்த விழாவால்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வடசென்னை. கோட்டையும் தேவாலயங்களும் நடைப்பயணத்துக்கு எளிதில் அமைந்துவிடுகின்றன; ஆலைச் சுவர்கள் அப்படியல்ல. பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளரைக் கொண்டு 1918 ஏப்ரல் 27-இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கங்களில் இருப்பது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். அந்தப் பெருமையோடு கதையை நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அதே ஆலையின் 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் பேசினார். அந்த ஜூனில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. சங்கத்தார் குடும்பத்தில் வீரமாகச் சொல்லப்படும் அதே வேலைநிறுத்தம், சேரியில் வீடிழந்தவர் குடும்பத்தில் வேறாகவே சொல்லப்படும். அரசு தரப்பைப் படிக்க எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆகஸ்டில் பெரம்பூரில் தொடங்கும் எந்த நடைப்பயணமும் புளியந்தோப்பு வரை போக வேண்டும். அங்கே பேசும் பொறுப்பை அந்தத் தெருக்காரர்களிடமே விட வேண்டும்.