தேவாலா தங்கமும் லண்டன் ஷேரும்

ஓசூர்ல என்கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் போன மாசம் கேட்டான்: "மச்சான், போனஸ் பணத்தை ஒரு சின்ன ஹீலியம் கம்பெனி ஷேர்ல போடலாமா?" கம்பெனி லண்டன் சந்தையில. நிலம் ஆப்பிரிக்காவுல. இன்னும் ஒரு சிலிண்டர்கூட விற்கலை. எம்ஆர்ஐ மெஷினுக்கும் சிப் ஃபேக்டரிக்கும் ஹீலியம் வேணும், அது உண்மை. ஆனா அவனுக்கு நான் சொன்ன பதில் ஹீலியத்தைப் பத்தி இல்ல, நீலகிரியைப் பத்தி.

கூடலூர் தாண்டினா தேவாலா, பந்தலூர். இப்போ பார்த்தா தேயிலை. 1870களில் அங்கே காப்பித் தோட்டங்கள் நொடிஞ்சுகிட்டு இருந்தன. அந்த மண்ணில் தங்கம் இருக்குன்னு உள்ளூர் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஓடை மணலை அரிச்சு எடுத்துட்டு இருந்தாங்க. 1879இல் அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்தது. அவர் அறிக்கை நம்பிக்கையாக இருந்தது. அவ்வளவுதான், லண்டனுக்குப் பைத்தியம் பிடிச்சது.

இரண்டே வருஷத்தில் இந்தியத் தங்கத்துக்காக அங்கே 41 கம்பெனிகள். காகித மூலதனம் சுமார் 50 லட்சம் பவுண்டு. அதில் 33 கம்பெனிகள் வயநாட்டுப் பகுதிக்கு மட்டும்! காப்பிக்கே உதவாத நிலம் ஏக்கர் நூற்றுக்கணக்கான பவுண்டுக்கு விலை போச்சு.

இங்கே கொஞ்சம் நிக்கணும். ஷேர் வாங்கினவங்க போட்ட பணம் எங்கே போச்சு? பெரும்பகுதி நிலத்தை விற்றவருக்கும், கம்பெனியை ஆரம்பிச்ச இடைத்தரகருக்கும். தோண்டறதுக்கு மிஞ்சினது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் மெஷின் வாங்கி, கப்பல்ல ஏத்தி, மாட்டு வண்டியில மலை ஏத்தினாங்க. பாறையை இடிச்சு அரைச்சுப் பார்த்தா, டன்னுக்குக் கிடைச்ச தங்கம் எதிர்பார்த்ததில் சிறு பங்குதான். சில வருஷத்துலயே எல்லாம் அடங்கிப்போச்சு. மெஷின்கள் காட்டுல துருப்பிடிச்சுது. முதலீட்டாளருக்குக் காகிதம். நிலத்தை வித்த தோட்டக்காரர்? அவர் ஜெயிச்சுட்டார். யாரும் அவரைப் பத்திக் கதை எழுதலைங்கறது தனி.

"அப்போ கோலார்?"னு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்விதான். நான் கல்லாவிக்காரன், எங்க பக்கத்துல கோலார் தங்கவயலோடு தொடர்பில்லாத ஊர் குறைவு. பழைய சேலம், வடஆற்காடு ஜில்லாக்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள்தான் அந்தக் குழிக்குள்ள இறங்கினாங்க.

அங்கேயும் ஆரம்பம் இதே மாதிரிதான். மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். பணம் பத்தலை, கைமாத்தி விட்டார். 1880இல் மைசூர் கம்பெனி வந்தது. சில வருஷத்துல பணம் கரைஞ்சது, மூடிடலாம்னு பங்குதாரர்கள் நினைச்சாங்க. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கடைசியா ஒருமுறை முயற்சிக்கலாம்னு பேசிச் சம்மதிக்க வச்சது. கேப்டன் பிளம்மர் பழங்காலத்து மக்கள் தோண்டி விட்டுட்டுப் போன குழிகளைப் பின்தொடர்ந்து ஆழத்துக்குப் போனார். சாம்பியன் லோடு கிடைச்சது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம் போய், 2001 வரைக்கும் ஓடுச்சு.

ஆனா 1880இல் லண்டன்ல உட்கார்ந்து இருந்தவனுக்குத் தேவாலா எது, கோலார் எதுன்னு எப்படித் தெரியும்? இரண்டுக்கும் ஒரே சந்தை, ஒரே மாதிரி விளம்பரத் தாள். நமக்குக் கோலார் ஞாபகம் இருக்கு, அந்த 33 கம்பெனியில ஒரு பேர் சொல்லச் சொன்னா முழிப்போம்.

இப்போ ஹீலியத்துக்கு வாங்க. தான்சானியாவுல தேடுற ஹீலியம் ஒன் கம்பெனி 2020 டிசம்பரில் லண்டன் எய்ம் சந்தைக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் முதல் கிணறு எதிர்பார்த்தபடி அமையலை, ஷேர் விழுந்தது. 2024 தொடக்கத்தில் இதும்புலா கிணற்றுல ஹீலியம் மேல வந்தது. நல்ல செய்திதான். ஆனா நடுவுல தோண்டப் பணம் வேணும்னு திரும்பத் திரும்பப் புதுப் பங்கு வெளியிட்டாங்க. எட்டுத் துண்டா வெட்டின பிட்சாவை இருபதாக வெட்டின மாதிரி. பிட்சா பெருசாகலை, உன் துண்டு சின்னதாச்சு. ஹீலியம் கிடைச்சாலும் பழைய பங்குதாரருக்குப் போட்ட பணம் திரும்பி வரணும்னு இல்ல.

நண்பன் கம்பெனியோட ஆண்டறிக்கையை இறக்கி வச்சிருக்கான். மொத்தப் பங்குகள் எத்தனை, மூணு வருஷம் முன்னாடி எத்தனை, இந்த ரெண்டு எண்ணையும் முதல்ல தேடச் சொல்லியிருக்கேன்.