பொண்ட் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள்

சிங்கப்பூரில் வாகனம் ஓட்டும்போது, 'இங்கே யூ-டேர்ன் போடலாம்' என்று பலகை இருக்கும் இடத்தில் மட்டும்தான் வண்டியைத் திருப்பலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் இது தலைகீழ். போடக்கூடாது என்று பலகை இல்லாவிட்டால் போடலாம். 1999இல் சிம் வொங் ஹூ என்ற தொழிலதிபர் இந்தச் சின்ன விஷயத்தை வைத்து ஒரு வியாதிக்கே பேர் வைத்தார்: 'நோ யூ-டேர்ன் சின்ட்ரோம்'. மேலிருந்து அனுமதி வந்தால் ஒழிய எதையும் செய்யத் தோன்றாத மனநிலை. தன் நாட்டுக்கு அந்த வியாதி இருக்கு என்பதுதான் அவருடைய முறைப்பாடு.

இதை வேறு யாரும் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் சிம், கிரியேட்டிவ் டெக்னொலொஜியைத் தொடங்கியவர். பழைய டெஸ்க்டொப் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்ட, கேம் விளையாடிய அண்ணாமார் அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள், 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். 1992இல் அமெரிக்காவின் நெஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன முதல் சிங்கப்பூர்க் கம்பனி அது. பல்கலைக்கழகம் போகாமல் பொலிடெக்னிக்கில் படித்த மனிதர். அரசாங்கத்தின் புலமைப்பரிசில் ஏணியில் ஏறாமல் மேலே வந்தவர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்த ஏணியைப் பற்றிக் கொஞ்சம் கதைக்காமல் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு வர முடியாது.

சிங்கப்பூர் கெட்டிக்காரப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியே தன்னைக் கட்டிக்கொண்ட நாடு. பிரித்தானியர் காலத்திலேயே, 1885இல், அங்கே ராணியின் பெயரில் ஒரு புலமைப்பரிசில் தொடங்கியது. 1887இல் அதை வென்று எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்கப் போன லிம் பூன் கெங், திரும்பி வந்து மருத்துவராக மட்டும் இருக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க முன்னின்றார், மலாயாவில் ரப்பர் யாருக்கும் நம்பிக்கை இல்லாத புதுப்பயிராக இருந்த நேரத்தில் அதில் காசு போடும்படி நண்பர்களைத் தூண்டினார், பிறகு வங்கி ஒன்றைத் தொடங்கியவர்களிலும் ஒருவரானார். ஒரு புலமைப்பரிசில் என்ன செய்யலாம் என்பதற்கு அவர் நல்ல உதாரணம். ஆனால் அவரிடம் யாரும் இதையெல்லாம் செய் என்று கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த புலமைப்பரிசில்கள் கேட்டன. கேம்பிரிட்ஜோ ஒக்ஸ்ஃபோர்டோ, முழுச் செலவும் அரசாங்கத்துடையது. பதிலுக்கு ஒரு பொண்ட்: திரும்பி வந்து ஐந்து, ஆறு, சிலருக்கு எட்டு வருடம் அரசாங்கத்திடம் வேலை. நம்முடைய விரிவுரையாளர்மார் பிஎச்டிக்குப் போகும்போது கையெழுத்து வைக்கும் பொண்டை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கும். முறித்தால் செலவை வட்டியோடு கட்ட வேண்டும். 1990களின் கடைசியில் வெளிநாட்டு நிறுவனங்கள் அந்தக் காசைத் தாங்களே கட்டி ஆட்களை இழுக்கத் தொடங்கின. 1998இல் பொருளாதார வளர்ச்சிச் சபையின் தலைவராக இருந்த பிலிப் யோ, பொண்டை முறித்தவர்களின் பெயரைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று நின்றார். பத்திரிகையிலும் பாராளுமன்றத்திலும் பெரிய சண்டை. பொண்டை முறிப்பது வெறும் ஒப்பந்த விஷயமா, ஒழுக்கக்கேடா என்று நாடே வாதாடியது.

அதே நாடு, நான்கு வருடம் கழித்து, பல்கலைக்கழகப் பெடியளையும் பெட்டையளையும் பொண்ட் எதுவும் இல்லாமல் கலிபோர்னியாவுக்கு அனுப்பியது. அதுவும் கேம்பிரிட்ஜ் மாதிரி இடத்துக்கு இல்லை. பெயர் தெரியாத, அடுத்த மாதம் இருக்குமோ தெரியாத குட்டிக் கம்பனிகளுக்கு, இன்டர்ன்களாக.

ஏன் இப்படி மாறினார்கள்? பதில் தொழிற்சாலைகளில் இருக்கு. 1968இல் நெஷனல் செமிகண்டக்டர் சிங்கப்பூருக்கு வந்தது. பின்னாலேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 1970இல் ஹியூலெட் பக்கார்ட், 1982இல் சீகேட். உலகத்தில் அதிகம் ஹார்ட் டிஸ்க் செய்யும் இடமாக அந்தச் சின்னத் தீவு மாறியது. ஆனால் அடுத்து எந்த டிஸ்கைச் செய்வது என்று முடிவெடுக்கிற அறை கலிபோர்னியாவில் இருந்தது. சம்பளம் ஏற ஏற, தொழிற்சாலைகள் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் நகரத் தொடங்கின. 1997இன் ஆசிய நிதி நெருக்கடி மிச்ச நிம்மதியையும் எடுத்துவிட்டது. 1999இல் அரசாங்கம் தொழில்நுட்ப முயற்சியாளர்களுக்கென்று 100 கோடி அமெரிக்க டொலர் நிதியம் ஒன்றை அறிவித்தது.

காசு வந்துவிட்டது. எடுக்கத்தான் ஆள் இல்லை. கெட்டிக்காரர்கள் எல்லாரும் ஒன்றில் பொண்டுக்குள், இல்லாவிட்டால் பெரிய வெளிநாட்டுக் கம்பனிக்குள். தோற்றுப்போவது எப்படி என்று அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 2000இல் தலைவராக வந்த ஷி சூன் ஃபொங், அமெரிக்காவில் நீண்ட காலம் இருந்த பொறியியலாளர். பல்கலைக்கழகம் என்பது பட்டம் அடிக்கிற இடம் இல்லை, அறிவை வைத்துத் துணிகிற நிறுவனம் என்பது அவருடைய பேச்சு. அவர் காலத்தில் பிறந்ததுதான் 'என்யூஎஸ் ஓவர்சீஸ் கொலிஜஸ்', சுருக்கமாக என்ஓசி. 2002 தொடக்கத்தில் முதல் பட்ச் சிலிக்கன் வலிக்குப் போனது. கொலிஜ் என்று பெயரே தவிர, வளாகம் என்று ஒன்றும் கிடையாது. பகலில் ஒரு ஸ்டார்ட்அப்பில் முழுநேர வேலை, பின்னேரத்தில் ஸ்டான்ஃபோர்டில் தொழில்முயற்சி பற்றிய பாடங்கள். ஏறத்தாழ ஒரு வருடம். வேலை கொடுக்கும் கம்பனி மாதாமாதம் ஒரு உதவித்தொகை கொடுக்கும். மிச்சத்துக்குப் பல்கலைக்கழகமும் அரசாங்கமும் நன்கொடையாளர்களும் கைகொடுத்தார்கள். பாடங்களுக்கான புள்ளிகள் பட்டத்தில் சேரும், ஆகவே போனவர்களுக்கு ஒரு வருடம் வீணாகவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டித்தனமான ஏற்பாடு.

ஆனால் போன நேரத்தைப் பாருங்கள். நெஸ்டாக் சுட்டெண் 2000 மார்ச்சில் 5,000ஐத் தாண்டியிருந்தது. 2002 ஒக்டோபரில் அது 1,114. டொட்கொம் குமிழி உடைந்து, கம்பனிகள் வரிசையாக மூடி, அவற்றின் விலை உயர்ந்த ஏரோன் நாற்காலிகள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வீசாவும் இறுகத் தொடங்கியிருந்தது. உலகத்தின் வெற்றித் தலைநகரைக் காட்டவென்று அனுப்பிய பிள்ளைகள் போய் இறங்கியது ஒரு செத்த வீட்டில்.

என்னுடைய அபிப்பிராயம், அதுதான் அந்தத் திட்டத்துக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம். 1999இல் போயிருந்தால், இருபது வயதில் கம்பனி தொடங்கினால் கோடீஸ்வரர் ஆகலாம் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டு வந்திருப்பார்கள். 2002இல் வேறொன்றைப் பார்க்கலாம். கம்பனியை மூடியவர் வெட்கப்பட்டு ஊரை விட்டு ஓடவில்லை. இரண்டு மாதம் கழித்து அடுத்த யோசனையோடு அதே கோப்பிக் கடையில் இருப்பார். முதலீட்டாளரும் முந்தின தோல்வியை ஒரு தகைமை மாதிரியே விசாரிப்பார். சிங்கப்பூர் மாதிரி, ஒரு சோதனையில் வழுக்கினால் சொந்தக்காரர் முகத்தில் முழிக்க முடியாத ஊரிலிருந்து போன பிள்ளைக்கு, இது புத்தகத்தில் வாசித்து விளங்கும் விஷயம் இல்லை.

சின்னக் கம்பனிதான் வேண்டும் என்ற நிபந்தனையின் அர்த்தமும் இதுதான். பெரிய கம்பனியில் இன்டர்ன் என்றால் ஒரு மூலையில் ஒரு சின்ன வேலை. ஆறு பேர் உள்ள இடத்தில் மூலையே கிடையாது. காலையில் கோட் எழுதுகிறவர் மத்தியானம் வாடிக்கையாளரின் ஏச்சை வாங்க வேண்டும், பின்னேரம் முதலீட்டாளருக்குக் காட்டும் டெமோவுக்கு லைட்டைச் சரிபார்க்க வேண்டும். சம்பளம் போடக் காசு இல்லாத மாதத்தில் முதலாளியின் முகம் எப்படி இருக்கும் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

அடுத்த மூன்று நான்கு வருடங்களுக்குள் பிலடெல்பியா, ஷாங்காய், ஸ்டொக்ஹோம் என்று திட்டம் விரிந்தது. இவற்றில் ஸ்டொக்ஹோமைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. எனக்கென்றால் சிங்கப்பூருக்கு மிகப் பொருத்தமான பள்ளிக்கூடம் அதுதான். சுவீடனும் சின்னச் சந்தை. அங்கே கம்பனி தொடங்குகிறவர் முதல்நாளே வெளிநாட்டு வாடிக்கையாளரை யோசிக்க வேண்டும். ஸ்கைப்பும் ஸ்பொட்டிஃபையும் அந்தப் பக்கத்து யோசனையில் வந்தவை. சிலிக்கன் வலியில் வீட்டு வாசலிலேயே முப்பது கோடிப் பேரின் சந்தை, அந்த வசதியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியாது.

பலன் எப்போது வந்தது? உடனே இல்லை. அரசாங்கத் திட்டங்களுக்கு வழக்கமாக ஐந்து வருடத்தில் கணக்குக் கேட்பார்கள். 2007இல் கணக்குக் கேட்டிருந்தால் பெரிய பெயர் ஒன்றும் காட்டியிருக்க முடியாது. இணையத்தளங்களில் வாடிக்கையாளரோடு சட் பண்ணும் வசதியைச் செய்த சொபிம், அந்தக் காலத்தில்தான் ரொய்ஸ்டன் டேயும் பல்கலைக்கழக நண்பர்களும் தொடங்கிய சின்னக் கம்பனி. 2014இல்தான் அதை ஸென்டெஸ்க் கிட்டத்தட்ட 3 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. இன்னும் பெரிய கதை கரொசெல். குவெக் சியு ருய், மார்கஸ் டான், லூகஸ் ஙூ மூவரும் என்ஓசியில் சிலிக்கன் வலிக்குப் போய் வந்தவர்கள். 2012இல் ஒரு வாரஇறுதிப் போட்டியில், பழைய சாமானைப் போனால் படம் எடுத்து உடனே விற்கும் செயலியைச் செய்து காட்டி வென்றார்கள். அதே வருடம் அது கம்பனியானது. 2021இல் அதன் பெறுமதி 100 கோடி டொலரைத் தாண்டியது. முதல் பட்ச் போய்ப் பத்தொன்பது வருடம்.

இடையில் ஊரிலும் சில கதவுகள் திறந்திருந்தன. வந்தவர்கள் குந்த ஒரு இடம் வேண்டுமே. ஆயர் ராஜா பகுதியில் இடிக்க இருந்த 71ஆம் இலக்கத் தொழிற்சாலைக் கட்டடத்தை, பல்கலைக்கழகமும் சிங்டெலின் முதலீட்டுப் பிரிவும் ஊடக அபிவிருத்தி அதிகாரசபையும் 2011இல் ஸ்டார்ட்அப்களுக்காக எடுத்துக் கொடுத்தன. புளொக் 71 என்ற பெயர் பிறகு சான் பிரான்சிஸ்கோவரை போனது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, திட்டம் முதலாளிகளை உற்பத்தி செய்தது என்று சொல்லத் தோன்றும். அங்கே கொஞ்சம் பிரேக் போட வேண்டும். என்ஓசிக்கு விண்ணப்பித்துத்தான் போக வேண்டும், நேர்முகம் உண்டு. ஏற்கெனவே துணிச்சல் உள்ளவர்களே விண்ணப்பித்திருப்பார்கள். கரொசெல்காரர் மூவரும் போகாமல் விட்டிருந்தால் வங்கி வேலைக்குப் போயிருப்பார்களா, இல்லை வேறொரு கம்பனி தொடங்கியிருப்பார்களா? யாராலும் சொல்ல முடியாது. திட்டம் நிச்சயமாகச் செய்த ஒன்று, அவர்களை ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வைத்தது. ஒரே வாடகை வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு வருடம் இருந்தவர்களுக்கு, யாரோடு தொழில் செய்யலாம், யாரோடு செய்யக்கூடாது என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு முரணும் இருக்கு. 'அனுமதி கேட்காமல் செய்' என்ற மனநிலையை அரசாங்கமே திட்டம் போட்டு, விண்ணப்பப் படிவம் அடித்து வளர்த்தது. சிம் வொங் ஹூவின் பாஷையில் சொன்னால், யூ-டேர்ன் போடலாம் என்று இன்னொரு பலகையை நட்டார்கள். இதை நக்கலடிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நக்கலாகப் படவில்லை. பலகை நட்டவர்கள், திரும்பின வண்டி எங்கே போகிறது என்று பின்னால் ஆள் அனுப்பவில்லை. பொண்டை முறித்தவரின் பெயரைப் போட நின்ற நாட்டுக்கு அது லேசான காரியம் இல்லை. சிலர் கலிபோர்னியாவிலேயே தங்கியும் விட்டார்கள். அந்த நட்டத்தையும் கணக்கில் எழுதிக்கொண்டே திட்டத்தை நடத்தினார்கள்.

யார் போக முடிந்தது என்ற கேள்விதான் கடினமானது. உதவித்தொகை கிடைத்தாலும் சிலிக்கன் வலி வாடகை அதை விழுங்கிவிடும். வீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு, ஒரு வருடம் என்பது தாய் தகப்பனிடம் கேட்கக் கூச்சப்படுகிற விஷயம். 2017இல் எதிர்காலப் பொருளாதாரக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, மற்றப் பல்கலைக்கழக மாணவர்களும் இப்படிப் போக வழி அகலமாக்கப்பட்டது.

வீசாவும் வாடகையும் இல்லாமல் இதைச் செய்ய முடியாதா என்று நம்மூர்க் கம்பஸ் பிள்ளைகள் கேட்கலாம். ஒருவகையில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய கூகிள் சமர் ஒஃப் கோட் திட்டத்தில், வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு மென்பொருள் குழுக்களுக்கு வேலை செய்து டொலரில் காசு வாங்கலாம். முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்களை மொத்தமாக எடுத்தால், அதில் உலகத்திலேயே அதிகம் மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம் மொறட்டுவை. நல்ல கோட் எப்படி எழுதுவது என்று அந்தப் பிள்ளைகள் உலகத்தரத்தில் படித்தார்கள். சம்பளம் போடக் காசில்லாத மாதத்து முதலாளியின் முகம் மட்டும் அந்தத் திரையில் தெரியவில்லை.