மணிமேடைச் சிலையும் ஒரு கொலைக் கேஸும்

2025 ஆகஸ்ட் மாசம் ஊருக்குப் போயிருந்தேன். காலைல கோட்டாறு கம்போளம் பக்கம் ஒரு டீக்கடை. கன்னட நடிகர் தர்ஷனோட பெயிலை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணின செய்தி வந்த சமயம். ரெண்டு பெரியவங்க பேப்பரை ஆளுக்கொரு தாளா பிரிச்சு வச்சுக்கிட்டு வாக்குவாதம்.

"காசு உள்ளவனுக்கு பெயிலு. இல்லாதவனுக்கு ஜெயிலு. அவ்வளவுதான் வே சட்டம்."

"அப்படின்னா நம்ம கிருஷ்ணன் ஏன்வே உள்ள கெடந்தாரு? அவருட்ட இல்லாத காசா?"

முதல் பெரியவர் கிட்ட பதில் இல்லை. டீயைக் குடிச்சிட்டு, "அது வெள்ளக்காரன் கோர்ட்டுல்லா" ன்னு சமாளிச்சார். எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்தது. அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

கிருஷ்ணன்னு அவர் சொன்னது கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை. கோட்டாற்றிலிருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற ஒழுகினசேரியில 1908 நவம்பர் 29-இல் பிறந்தவர். அப்போ இந்த ஊரெல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். நாகர்கோவில் மணிமேடையில அவர் சிலையைப் பார்க்காம ஊருக்குள்ள ஒரு வேலையும் நடக்காது. எங்க பாட்டாவுக்கு அந்தக் கேஸ் நடந்தப்போ பத்து வயசு. அவர் சொல்ற கதை ரொம்பச் சுருக்கம். "பொய்க் கேஸ் மக்கா. நம்ம ஊர்க்காரரை மாட்டி விட்டாங்க. லண்டன் கோர்ட்டு வந்து காப்பாத்திச்சு."

நானும் ரொம்ப நாள் அவ்வளவுதான்னு நெனச்சிட்டு இருந்தேன். லண்டன் கோர்ட் உண்மையில என்ன சொல்லிச்சுன்னு படிச்சப்புறம்தான் கதை வேறன்னு புரிஞ்சுது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

லட்சுமிகாந்தன்னு ஒரு பத்திரிகைக்காரர். போர்ஜரி கேஸ்ல ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவர். 1943-இல் 'சினிமா தூது'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். நடிகர் நடிகைகளோட அந்தரங்கம்தான் அதுல சரக்கு. எழுதாம இருக்க காசு, எழுதினா விற்பனை, ரெண்டு வழியிலயும் வரும்படின்னு பேச்சு. தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கே, பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரும் கவர்னர் ஆர்தர் ஹோப்கிட்ட மனு குடுத்து, அந்தப் பத்திரிகையோட லைசென்சை ரத்து பண்ண வச்சாங்க. ஆள் அசரலை. 'இந்துநேசன்'னு இன்னொரு பத்திரிகையைக் கையில எடுத்து அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 அக்டோபர்லயே அவரை ஒரு தடவை தாக்கியிருக்காங்க. நவம்பர் 8-ஆம் தேதி, சென்னை வேப்பேரியில ரிக்‌ஷாவுல போய்ட்டிருந்தவரைக் கத்தியால குத்தினாங்க. அடுத்த நாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில செத்துப்போனார்.

டிசம்பர்ல பாகவதரும் என்.எஸ்.கே-வும் கைது. இவங்க கத்தி எடுத்தாங்கன்னு போலீஸ் சொல்லலை. ஆள் வச்சு செய்ய சதி பண்ணாங்கங்கறதுதான் குற்றச்சாட்டு. பிடிபட்டவங்கள்ல ஒருத்தர் அப்ரூவர் ஆனார். அரசுத் தரப்பு பெருமளவு சாய்ஞ்சிருந்தது அந்த ஒரு தூண் மேலதான்.

இந்த இடத்துல காலத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1944 தீபாவளிக்குத்தான் 'ஹரிதாஸ்' ரிலீஸ். பாகவதர் ஹீரோ, என்.எஸ்.கே-வும் மதுரமும் அதே படத்துல. சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி கண்ட படம் அது. ஜனங்க உள்ளே திரையில இவங்களைப் பார்த்துட்டு, வெளியே வந்து பேப்பர்ல இவங்க கேஸைப் படிச்சிருக்காங்க. ஊரே ரெண்டா பிரிஞ்சு பேசாம இருக்குமா? "பாகவதராவது கொலை பண்றதாவது" ன்னு ஒரு கோஷ்டி. "நெருப்பில்லாம புகையுமா" ன்னு இன்னொரு கோஷ்டி.

விசாரணை சென்னை ஹைகோர்ட் செஷன்ஸ்ல. நீதிபதி மாக்கெட். ஒன்பது பேர் கொண்ட ஜூரி. தீர்ப்பு 1945 மே 3. ஜூரியில ஆறு பேர் குற்றவாளின்னாங்க, மூணு பேர் இல்லைன்னாங்க. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் என்.எஸ்.கே-வுக்கும் ஆயுள் தண்டனை.

அந்த ஆறுக்கு மூணுங்கற கணக்கை லேசா எடுத்துக்காதீங்க. அப்ப இருந்த 1898-ஆம் வருஷச் சட்டப்படி ஹைகோர்ட்ல ஜூரி ஏகமனதா இல்லைன்னா, குறைஞ்சது ஆறு பேர் ஒரே பக்கம் நிக்கணும், நீதிபதியும் ஒத்துக்கணும். ஆறு தேறலைன்னா ஜூரியையே கலைச்சிடணும். அதாவது அந்த ஆறு பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், மனசு மாறியிருந்தா அன்னிக்கு இந்தத் தண்டனை வந்திருக்காது.

அப்பீல் போனாங்க. தலைமை நீதிபதி லீச், நீதிபதி லட்சுமண ராவ் அமர்வு 1945 அக்டோபர்ல தள்ளுபடி பண்ணிடுச்சு.

நிற்க. இந்தக் கேஸோட உயிர்நாடி இந்த இடத்துலதான் இருக்கு. பாட்டா சொல்லாம விட்டதும் இதுதான்.

ஹைகோர்ட்ல ஜூரி வச்சு நடந்த கேஸ்ல, சாட்சியங்களை மறுபடி அலசச் சொல்லி அப்பீல் போறதுக்கு முன்னெல்லாம் வழி கிடையாது. 1943-இல் தான் சட்டத்துல 411ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்து அந்தக் கதவைத் திறந்தாங்க. சட்டம் புத்தம் புதுசு. அப்பீல் அமர்வு அதை ரொம்பக் குறுக்கிப் பார்த்தது. ஜூரி அப்படி முடிவெடுக்க சாட்சியம் இருந்துச்சா, இருந்துச்சு, அப்புறம் நாங்க ஏன் தலையிடணும்ங்கற மாதிரி. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, "டெஸ்டிங்ல பாஸ் ஆயிடுச்சுல்ல, நான் ஏன் கோடைத் திறந்து பார்க்கணும்" னு ரிவ்யூ பண்றவர் கையெழுத்துப் போடற கதை.

லண்டன்ல பிரிவி கவுன்சில் பிடிச்சது இந்தத் தப்பைத்தான். இவங்க நிரபராதின்னு அது சொல்லவே இல்லை! அப்பீலைக் கேட்க வேண்டிய முறையில கேட்கலை, சாட்சியங்களை நீங்களே எடை போட்டுத் திரும்ப விசாரிங்கன்னு சென்னைக்கே அனுப்பிச்சுது. அவ்வளவுதான்.

இந்தத் தடவை நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன். வாதாடினவர் வி.எல்.எத்திராஜ், எத்திராஜ் காலேஜ் ஆரம்பிச்ச அதே எத்திராஜ். அப்ரூவர் சாட்சியம் பத்தி இந்தியச் சாட்சியச் சட்டம் ரெண்டு குரல்ல பேசும். கூட்டாளியோட சாட்சியத்தை மட்டும் வச்சுத் தண்டிச்சா அது சட்ட விரோதம் இல்லைன்னு ஒரு பிரிவு. ஆனா வேற ஆதாரம் துணைக்கு இல்லாம அவனை நம்பாதேன்னு இன்னொரு பிரிவு. தன் கழுத்தைக் காப்பாத்திக்க அடுத்தவன் கழுத்தைக் காட்டிக் குடுக்கறவன் தானே அப்ரூவர்! இந்த எச்சரிக்கையோட சாட்சியங்களை ஒண்ணொண்ணா தட்டிப் பார்த்தா கேஸ் நிக்கலை. 1947 ஏப்ரல் 25-இல் ரெண்டு பேரும் விடுதலை.

அதே சட்டம், அதே ஊர்க் கோர்ட், அதே சாட்சியம். ஒரு அமர்வு படிச்சா ஆயுள். இன்னொரு அமர்வு படிச்சா விடுதலை.

இப்போ டீக்கடைக்குத் திரும்புவோம். காசு இருந்தும் ஏன் உள்ள கெடந்தார்னு கேட்டாரே அந்தப் பெரியவர், அவர் கேள்வி பாதிதான். மிச்சப் பாதி, காசு இல்லாம இருந்திருந்தா எப்போ வெளியே வந்திருப்பார்ங்கறது. என் கணக்குப்படி, 1947-இல் வந்திருக்க மாட்டார். அந்தக் காலத்துல லண்டனுக்கு அப்பீல் போறது நாம நெனச்சுப் பார்க்கக்கூடிய செலவா? மதுரம் அம்மா எஸ்.வி.சகஸ்ரநாமத்தோட சேர்ந்து என்.எஸ்.கே நாடக சபாவை நடத்தி, கேஸ் செலவுக்கும் குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் ஈடு குடுத்தாங்க. அந்த சபா போட்ட 'பைத்தியக்காரன்' நாடகம் படமாவும் எடுக்கப்பட்டு, விடுதலையாகி வந்த என்.எஸ்.கே அதிலேயே தலைகாட்டினார்.

அதனால "பணத்தால தப்பிச்சாங்க" ன்னு சொல்றவங்க கிட்டயும் ஒரு உண்மை இருக்கு, "அநியாயமா உள்ள வச்சாங்க" ன்னு சொல்றவங்க கிட்டயும் ஒரு உண்மை இருக்கு. ரெண்டும் ஒரே காசோட ரெண்டு பக்கம். பணம் அவங்களுக்கு நியாயத்தை விலைக்கு வாங்கிக் குடுக்கலை. நியாயம் ஒழுங்கா கேட்கப்படற இடம் வரைக்கும் பஸ் டிக்கெட் எடுத்துக் குடுத்துச்சு. டிக்கெட்டுக்கு வழியில்லாதவன் மே 3-ஆம் தேதியிலேயே நின்னுடுவான். பெரிய மனுஷனுக்குக் கிடைச்ச நியாயத்தைப் பார்த்து நமக்கு வர்ற எரிச்சல் உண்மையானதுதான். ஆனா அவனுக்கு ஏன் கிடைச்சுதுன்னு கேட்கறதை விட, மத்தவனுக்கு ஏன் கிடைக்கலைன்னு கேட்கறதுதான் முறை.

பெயில் விஷயமும் இப்படித்தான். பெயில்ங்கறது தீர்ப்பு இல்லை. 1898 சட்டமானாலும் 1973 சட்டமானாலும் இப்போ இருக்கிற 2023 சட்டமானாலும், தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம்னா மாஜிஸ்டிரேட் லேசில பெயில் தர முடியாது. செஷன்ஸ் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட்டுக்கும்தான் விரிவான அதிகாரம். தர்ஷனுக்கு 2024 டிசம்பர்ல கர்நாடக ஹைகோர்ட் பெயில் குடுத்தப்போ அவர் நிரபராதி ஆயிடலை. 2025 ஆகஸ்ட் 14-இல் சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணினப்போ குற்றவாளியும் ஆயிடலை. நாமதான் பெயில் கிடைச்சா "வாங்கிட்டான்", கிடைக்கலைன்னா "மாட்டிட்டான்" னு அன்னிக்கே கேஸை முடிச்சு வீட்டுக்குப் போயிடறோம்.

காஞ்சி சங்கரராமன் கொலைக் கேஸ் ஞாபகம் இருக்கா? 2004 செப்டம்பர் 3-இல் வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்திலேயே கொலை. நவம்பர்ல ஜெயேந்திரர் கைது, 2005 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் பெயில். அந்த ரெண்டு மாசமும் தமிழ்நாட்டுல வேற பேச்சே இல்லை. ஆனா கேஸ் புதுச்சேரிக்கு மாறி, 83 சாட்சிகள் பிறழ்சாட்சியாகி, 2013 நவம்பர்ல எல்லாரும் விடுதலையானப்போ எத்தனை பேர் கவனிச்சோம்? பெயிலுக்குப் போட்ட கூச்சல்ல நூத்துல ஒரு பங்கை அந்த 83 பேர் பல்டி அடிச்சதுக்குப் போட்டோமா?

இன்னொரு கணக்கு. 2022 கடைசியில இந்தியச் சிறைகள்ல இருந்தவங்க சுமார் 5,73,000 பேர். அதுல 4,34,000 பேர் விசாரணைக் கைதிகள். நாலுல மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரலை! இவங்க பெயிலைப் பத்தி எந்த டீக்கடையிலயும் சண்டை நடக்கறதில்லை.

கேஸ் முடிஞ்சப்புறம் என்ன ஆச்சுன்னும் சொல்லிடறேன். என்.எஸ்.கே சமாளிச்சு எழுந்துட்டார். 'நல்லதம்பி', 'மணமகள்'னு படங்கள், வழக்கம்போல கைக்கு வந்ததை வாரிக் குடுத்தல். 1957 ஆகஸ்ட் 30-இல் போய்ச் சேர்ந்தப்போ வயசு 48. பாகவதர் எழவே இல்லை. 'ராஜமுக்தி' ஓடலை, அதுக்கப்புறம் வந்ததும் ஓடலை. 1959 நவம்பர் 1-இல் போனப்போ வயசு 49. விடுதலைங்கறது கதவைத் திறந்து விடும். போன வருஷங்களைத் திருப்பித் தராது.

கடைசியா ஒண்ணு. இவ்வளவு நேரம் எழுதிட்டு நானே கவனிச்ச விஷயம். செத்துப்போன லட்சுமிகாந்தனை நாலு வரியில முடிச்சிட்டேன். பாட்டாவும் அப்படித்தான். எண்பது வருஷமா தமிழ்நாடே அப்படித்தான். ஆள் மஞ்சப் பத்திரிகைக்காரர், யோக்கியர் இல்லை, சரி. அதுக்காக நடுரோட்டுல குத்திக் கொல்லலாமா? சதி பண்ணினது யார்ங்கற கேள்விக்கு எல்லாரும் ஒப்புக்கிற பதில் இன்னிக்கு வரைக்கும் கிடையாது. ஒரு கேஸ்ல நட்சத்திரம் நுழைஞ்சிட்டா செத்தவன் வெளியேறிடறான்.

லீவு முடிஞ்சு கிளம்பற அன்னிக்கு மணிமேடையில ரெண்டு நிமிஷம் நின்னேன். எங்க ஊர்க்காரர் நிரபராதின்னு இப்பவும் நம்பறேன். ஆனா பாட்டா மாதிரி "நம்ம ஊர்க்காரர்"ங்கறதுக்காக இல்லை. ரெண்டு நீதிபதிங்க உக்காந்து கோடைத் திறந்து பார்த்தாங்கங்கறதுக்காக. அந்தப் பார்வை எல்லாருக்கும் கிடைக்கணும்ங்கறதுதான் இந்தப் பதிவு.

உங்க வீட்டுப் பெரியவங்க இந்தக் கேஸைப் பத்தி என்ன சொல்லுவாங்க? பின்னூட்டத்துல எழுதுங்க. சண்டை போடறதா இருந்தாலும் சரி, டீ என் செலவு.